பழைய பிக்கப்புக்கு ஐந்து கியரா, ஆறு கியரா?

செவர்லே சி10 போன்ற பழைய மேனுவல் பிக்கப்புகளில் பெரும்பாலும் கடைசி கியரே 1:1தான், அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் ஒரு சுற்றுதான். நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்திக்கொண்டே வரும்.

அதற்குத்தான் கியர்பாக்ஸை மாற்றுவது. ட்ரெமெக் நிறுவனத்தின் டிகேஎக்ஸ் கியர்பாக்ஸில் ஐந்து கியர், ஐந்தாவது 0.68 விகிதத்தில் கிடைக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அலறிய இன்ஜின் அதே வேகத்தில் 2040க்கு இறங்கிவிடும். அவர்களுடைய ஆறு கியர் டி-56 மேக்னமில் ஆறாவது 0.50 வரை உண்டு, அதாவது 1500 சுற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி மாதிரி காற்றை முட்டிக்கொண்டு போகும் வண்டியில் பல இன்ஜின்கள் அவ்வளவு குறைந்த சுற்றில் திணறும். சின்ன ஏற்றத்துக்கும் கியரைக் குறைக்க வேண்டிவரும்.

மேக்னம் கனமும் அதிகம். டிகேஎக்ஸ் பழைய வண்டிகளின் குறுகிய இடத்துக்கென்றே ஒடுக்கமாகச் செய்தது. எதை மாட்டினாலும் சரி, பெல் ஹவுசிங்கின் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மையம் இன்ஜின் தண்டின் மையத்திலிருந்து விலகுவது 0.005 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இதை விட்டால் கியர் மாறவே அடம்பிடிக்கும்.

முறுக்குவிசை? டிகேஎக்ஸ் 600 பவுண்டு-அடி தாங்கும், மேக்னம் 700. என் ஓட்டு டிகேஎக்ஸுக்கே.