மத்தியஸ்த சபையா, சமுதாயப் பணியா: எதை வைத்து மதிப்பிடுவது?

இலங்கையில் சின்னச் சின்னப் பிணக்குகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபை இருக்கிறது. எங்கள் மேல்மாடி மாமியின் சீட்டுக்காசுப் பிரச்சினையும் அங்கே போனது (மாமி இப்போதும் இணக்கசபை என்றுதான் சொல்வார்). மூன்று மத்தியஸ்தர்கள், சட்டத்தரணி கிடையாது, ஒரே நாளில் பேசி முடித்து, மாதாமாதம் தருவதாகக் காசு கொடுக்க வேண்டியவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். இரண்டு தவணையோடு சரி. ஆனால் கணக்கில் அது தீர்ந்த பிணக்கு.

சபையின் வெற்றியை அளக்க, இணங்கிய பிணக்குகளின் விகிதத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த கொடுக்கல் வாங்கல் தகராறுகள் முதலில் சபைக்குத்தான் வர வேண்டும். 2016இல் அந்த எல்லை 5 இலட்சம் ரூபாயானது. அப்படியானால் விருப்பமில்லாமல் வந்தவரும், அலைந்து களைத்துக் கையெழுத்துப் போட்டவரும், சிங்களத்தில் நடந்த பேச்சுக்குப் பாதி புரிந்து தலையாட்டியவரும் அந்த விகிதத்துக்குள்தான் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து, காசு வந்ததா, பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று ஒருவர் போய்க் கேட்டால்தான் விஷயம் தெரியும்.

1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சமுதாயம்சார் சீர்திருத்தக் கட்டளை வேறு ரகம். சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத வேலை அல்லது ஆலோசனை. இதை அளப்பது சுலபம் போலத் தெரியும், ஆள் திரும்ப வழக்கில் மாட்டினாரா என்று பார்த்தால் போதுமே என்று. ஆனால் யாரோடு ஒப்பிடுகிறோம்? சின்னக் குற்றத்துக்கு வந்தவரை வெலிக்கடைச் சிறையில் இருந்து வெளியே வந்தவரோடு ஒப்பிட்டால் திட்டம் ஜெயிக்கத்தான் செய்யும். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போகிறவர்கள்தான் சரியான ஜோடி, அப்படிப்பட்டவர்கள் நம் சிறைகளில் ஏராளம். எச்சரித்து விட்டிருக்க வேண்டியவரைப் பிடித்து வேலைக்கு அனுப்பினால் சிறையில் ஒரு பாய்கூடக் காலியாகாது.

எனக்குக் கட்டளைதான் நேர்மையாகச் சோதிக்கக்கூடியதாகப் படுகிறது, ஒப்பிடும் ஆளைச் சரியாகத் தெரிவு செய்தால். ஆனால் சீட்டு, சுவர், தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கெல்லாம் சபையை விட்டால் வேறு கதி இல்லை. அங்கே உடன்பாடு முறிந்தால் சபையே வசூலித்துத் தராது, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்குத்தான் நடக்க வேண்டும். மாமி இன்னும் போகவில்லை. சட்டத்தரணிக்குக் கொடுப்பது மிச்சச் சீட்டுக்காசைவிடக் கூட வருமாம்.