சரக்குடன் ஒரு சமையல் சீட்டு: மதுரையில் ஒரு சிறுதானியக் கடை

மதுரையில் உழவர் சந்தை ஒன்றின் வாசலுக்கு அருகே மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்திவரும் சிறுதானியக் கடை ஒன்று உள்ளது. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை விற்கும் கடைகளுக்கு இவ்வூரில் இப்போது பஞ்சமில்லை. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, பெரிய பல்பொருள் அங்காடிகளும் இவற்றுக்கென்று தனி அடுக்கு ஒதுக்கிவிட்டன. அப்படியிருந்தும் இந்தக் கடையைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பொட்டலத்துடனும் அவர்கள் காசு வாங்காமல் தரும் சமையல் சீட்டு. சரக்கின் தரத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் சொல்வதற்கு இருக்கிறது, சில குறைகளும் இருக்கின்றன. ஆயினும் இக்கடையில் கிடைப்பவற்றுள் மிகச் சிறந்தது அந்தச் சீட்டுதான் என்பது என் மதிப்பீடு.

சிறுதானியம் வாங்குவோரில் பெரும்பாலானவர்கள் மருத்துவர் சொன்னார் என்றோ, உறவினர் சொன்னார் என்றோ வாங்கிச் செல்கிறவர்கள். அரிசிக்கு வைக்கும் அளவிலேயே தண்ணீர் வைத்து, அரிசிக்கு விடும் விசிலையே விட்டு, ஒன்று குழைந்து களியாகவோ அல்லது நடுவில் வேகாமல் நறநறவென்றோ வந்ததைப் பார்த்துவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் வண்டு பறக்கிறது. பொருளின் பெருமையை விளக்கும் பலகைகள் எத்தனை வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. ஒரு டம்ளர் சாமைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று யாராவது சொன்னால் தீரும். இந்தக் கடையில் அதைத்தான் செய்கிறார்கள்.

சீட்டு அரைத்தாள் அளவில்தான் இருக்கிறது. ஒரு சீட்டில் ஒரே ஒரு பதார்த்தம். எட்டுப் பொருள்களுக்கு மேல் எதற்கும் தேவைப்படுவதில்லை. அவற்றுள் உழவர் சந்தையிலோ தெருமுனை மளிகைக் கடையிலோ கிடைக்காதது எதுவும் இல்லை. அளவுகள் எல்லாம் டம்ளரிலும் கரண்டியிலும் சொல்லப்பட்டிருக்கின்றன. நிறுவைத் தராசு இல்லாத அடுப்படியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரிகிறது. சீட்டைக் கொடுப்பதற்கு முன்பு கல்லாவில் இருக்கும் அம்மையார், "வீட்டுல எத்தன பேருக்கா? குக்கரா, சட்டியா?" என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற சீட்டை எடுத்துத் தருகிறார். அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஒற்றைப் பாத்திரத்தில் முடிகிற கிச்சடிச் சீட்டு தனியாக வைத்திருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாகச் சாமைத் தயிர்சோற்றுச் சீட்டைச் சொல்லலாம். ஒரு டம்ளர் சாமை அரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து, கல் இருந்தால் அரித்தெடுத்து, அரைமணி நேரம் ஊறவைத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அரை டம்ளர் பாலும் ஒரு டம்ளர் தயிரும் சேர்த்து, துருவிய கேரட்டும் பொடியாக நறுக்கிய வெள்ளரியும் கலந்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட வேண்டும். இவ்வளவும் எந்தச் சமையல் குறிப்பிலும் இருக்கக்கூடியதுதான். இவர்களது சீட்டில் இதற்குக் கீழே இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது: வெந்த பிறகும் சாமை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே மதியத்துக்கு டப்பாவில் கட்டுகிறவர்கள் காலையில் சற்றுத் தளர்வாகத் தோன்றும் அளவுக்குப் பாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சமைத்துப் பார்த்தவர்களால் மட்டுமே எழுதக்கூடிய வரிகள் இவை. பள்ளிக்குக் கட்டிக் கொடுத்த சோறு மதியம் கட்டியாகிப் போய் அப்படியே திரும்பி வந்தால், அடுத்த முறை அந்த வீட்டில் சாமை வாங்க மாட்டார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

செய்முறையோடு காரணத்தையும் சொல்வது இச்சீட்டுகளின் இன்னொரு சிறப்பு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு; அதே எடையுள்ள பாலில் 120 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. ஆனால் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் அந்தச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைப்பதால், முளைகட்டியோ மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைத்தோ சமைப்பது நல்லது. கேழ்வரகுக் கூழுக்கான சீட்டில் இது மூன்று எளிய வாக்கியங்களில் விளக்கப்பட்டிருக்கிறது. முருங்கைக்கீரை போட்ட கம்பு அடைக்கான சீட்டில், உடன் எலுமிச்சை பிழிந்த வெங்காயப் பச்சடி வைத்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடலில் சேரும் என்றும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். டீயை விடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு அறிவுரை சொல்லத் தெரிந்தவர்கள்.

கடையின் இடப்பக்கச் சுவர் முழுவதும் வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். ஆனால் குழுவினர் அதைக் கடையின் பின்கட்டில் ஒருமுறை சமைத்துப் பார்த்த பிறகே சுவரில் ஏற்றுகிறார்கள். "கண்ணளவு", "கை நிறைய", "தேவையான அளவு" என்று வருகிற சொற்களை எல்லாம் டம்ளர், கரண்டிக் கணக்குக்கு மாற்றி, எழுதியவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குகிறார்கள். இந்த ஒரு வடிகட்டலால் அந்தச் சுவர் வெறும் அலங்காரமாக இல்லாமல் பயன்படுகிற ஒன்றாக இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் தந்த குதிரைவாலிப் புளிச்சோறும், கேழ்வரகைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்காகத் தாய் ஒருவர் தேங்காய்ப் பூவும் பாசிப்பயறும் அடுக்கி அவித்த புட்டும், இரவுப் பணிக்குச் செல்லும் காவலாளி ஒருவர் எழுதிய மோர்க்கூழும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. இவற்றுள் பல, பாட்டிமாரின் கைப்பக்குவமாக அந்தந்த வீட்டோடு நின்றிருக்க வேண்டியவை. பிடித்த குறிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். எதுவும் வாங்காமல் படம் மட்டும் எடுத்துச் செல்பவர்களிடமும் முகம் கோணுவதில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கடை முன்பாகவே ஒரு பதார்த்தத்தைச் செய்து காட்டி, கூடியிருப்பவர்களுக்குச் சிறு தொன்னையில் தருகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் அடுப்பு தரைமட்டத்தில் இருப்பதால் முன்வரிசைக்கு மட்டுமே சட்டி தெரிகிறது, சந்தை இரைச்சலில் ஒலிபெருக்கியும் பயன்படவில்லை. மேசையை உயர்த்தினால் போதும்.

காலை வேளையில் கடை வாசலில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் விற்கிறார்கள். கம்பை நீர் தெளித்துப் பிசறி, இடித்துப் புடைத்து, குருணையும் மாவுமாகப் பிரித்து, மாவை முதல்நாளே புளிக்கவைத்துக் காய்ச்சும் பழைய முறையைக் கைவிடாததால், புளிப்பும் மணமும் சரியாக அமைந்திருக்கின்றன. குறை, தொட்டுக்கொள்ள வைக்கும் வரிசையில் இருக்கிறது. மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய் ஊறுகாய், கருவாட்டுத் தொக்கு என்று எல்லாமே உப்பில் ஊறியவை. ஒருவர் ஒரு நாளைக்கு எல்லா வகையிலுமாகச் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவாகவே, உப்பு கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சீட்டுகளில் உப்பைக் கணக்காகக் குறிப்பிடும் இவர்கள், கூழ்க் குவளைக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தோடு வெள்ளரித் துண்டுகளையும் பாசிப்பயறுச் சுண்டலையும் வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் வண்ணப் பதாகையில், வரகு உண்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்றும், குதிரைவாலி இரத்தக் கொதிப்பை அடியோடு போக்கும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தினை லட்டு வைத்திருக்கும் கண்ணாடிப் பாட்டிலில் "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதி, உள்ளே வெல்லம் போட்டுப் பிடித்த லட்டை வைத்திருக்கிறார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையை அது ஏற்றவே செய்யும். தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, வெள்ளை அரிசிக்குப் பதிலாக அதை அளவோடு உண்பது நீரிழிவு உள்ளவர்களுக்கு உதவலாம் என்பதும் உண்மை. ஆனால் மாவுச்சத்திலும் கலோரியிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி என்ற அளவில்தான் இரண்டுமே இருக்கின்றன. சாமைச் சோறுதானே என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை. ஓர் உணவுப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் தடுக்கின்றன. இதைப் பற்றிக் கேட்டபோது, "அது மொத்த வியாபாரி அடிச்சுக் குடுத்த போர்டு சார், நாங்க எழுதல" என்று பதில் வந்தது. நம்பும்படியான பதில்தான். ஆனால் பதாகையை நம்பி ஒருவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டால், அச்சடித்தது யார் என்ற விவரம் அவருக்கு உதவாது. தங்கள் கையால் எழுதும் சீட்டில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், பிறர் எழுதிய பதாகையைத் தங்கள் தலைக்கு மேல் தொங்கவிட்டிருப்பது விளங்கவில்லை.

சரக்கைப் பொறுத்தவரை, சாமையும் குதிரைவாலியும் மங்கலான நிறத்தில், தவிடு ஓரளவு ஒட்டியபடி இருக்கின்றன. பளிச்சென்று வெளுத்திருக்கும் அங்காடிச் சரக்கோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அதிகமாகத் தீட்டினால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் தவிட்டோடு போய்விடும். அரிசி விஷயத்தில் இந்தப் பாடம் நமக்குப் பழையது: தீட்டிய அரிசியையே நம்பி உண்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி, குன்னூரில் 1918இல் ஓர் அறையில் ஆய்வாகத் தொடங்கியதுதான் பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. வரகில் மட்டும் கல் சற்று அதிகம்; அரிக்காமல் உலையில் போடக் கூடாது. பொட்டலங்களில் அரைத்த தேதி எழுதப்படுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தானியத்துக்கு இது பெரிதில்லை. கம்பு மாவுக்கு மிகவும் முக்கியம், ஏனெனில் கம்பிலுள்ள கொழுப்பு அரைத்த சில நாட்களிலேயே சிதைந்து மாவு கசக்கத் தொடங்கிவிடும்.

விலை குறைவில்லை. சாமை அரிசி கிலோ 130 ரூபாய், குதிரைவாலி 140 ரூபாய், கேழ்வரகு 60 ரூபாய் என்ற அளவில் விற்கிறார்கள். நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் நாள்தோறும் சாமை உண்பது எல்லோராலும் இயலாது என்பதைக் குழுவினரும் உணர்ந்திருக்கிறார்கள் போலும். சுவரில் உள்ள குறிப்புகளில் கணிசமானவை புழுங்கலரிசியோடு கால் பங்கு சிறுதானியம் கலந்து செய்பவை. இட்லி மாவுக்கு அரிசியில் பாதியைக் குறைத்து வரகு போட்டு அரைக்கும் குறிப்பு அவற்றுள் நன்றாக வருகிறது. பூப்போல இல்லாவிட்டாலும் மெத்தென்று இருக்கிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் நியாயவிலைக் கடைகள் வழியாக அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதைப் போன்ற ஏற்பாடு இங்கும் வந்தால், இந்தச் சீட்டுகளுக்கு வேலை இன்னும் கூடும்.

முதன்முறை செல்பவர்கள் அரைக்கிலோ சாமையும் அரைக்கிலோ கேழ்வரகும் மட்டும் வாங்கி, அவற்றுக்கான சீட்டுகளை மறக்காமல் கேட்டுப் பெறலாம். கூட்ட நேரத்தில் சீட்டுக் கொடுக்க அவர்களே மறந்துவிடுவதுண்டு. கம்பை மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி வேண்டும்போது அரைத்துக்கொள்வது நல்லது. தினை லட்டு சுவையாக இருக்கிறது. இனிப்பு என்ற கணக்கிலேயே வாங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் கூழ் தீர்ந்துவிடுகிறது.