ஸ்காபரோ மலர்ச்சாலை: முகத்துக்கு ஐந்துக்கு ஐந்து, வெளிச்சத்துக்கு மூன்று

காலமான மாமியின் உடலைப் பார்வைக்கு வைத்த, கனடாவின் ஸ்காபரோவில் உள்ள மலர்ச்சாலையின் பெயரைப் போடவில்லை, கீழே இரண்டு முறைப்பாடுகளும் வருகின்றன. பெட்டி, பூ, ஐயர், மண்டப வாடகை எல்லாம் ஆக்கள் துருவித் துருவி விசாரிப்பார்கள். முகத்தை யார் செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கலியாண மேக்கப் செய்கிறவள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மாமிக்கு ஈரல் பழுது. கடைசியில் கண்ணும் தோலும் நல்ல மஞ்சள். செங்கமாரி கண்ட உடலுக்கு வழமையான ஃபோர்மல்டிஹைட் மருந்தை ஏற்றினால் பித்த நிறமி மாறி, அந்த மஞ்சள் பச்சை நிறமாகிவிடும் என்று எம்பாம் செய்கிற, அதாவது உடல் பழுதாகாமல் மருந்து ஏற்றுகிற பெண்மணி நாங்கள் கேட்க முன்னமே விளங்கப்படுத்தினார். அதற்காக ஃபோர்மல்டிஹைட் குறைந்த மருந்தில் சாயமும் கலந்து ஏற்றுவார்களாம். ஒன்டாரியோவில் எம்பாமிங் சட்டப்படி கட்டாயம் இல்லை என்பதையும் விலைப்பட்டியலைக் கையில் தந்து அவரே சொன்னார். வெள்ளி பின்னேரமும் சனி காலையும் பார்வை இருந்தபடியால் நாங்கள் சம்மதித்தோம்.

என்னுடைய பவுண்டேஷனைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். கடையில் வாங்குகிற சாமான் தோலின் சூட்டில் இளகித்தான் படியும். சூடில்லாத தோலில் திட்டுத்திட்டாக நிற்கும். அவர்களிடம் அதற்கென்றே கிறீம் இருக்கிறது, தூரிகையால் மெல்லிசாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுகிறார்கள். எங்கள் நிறத்துக்கு நேரே மண்ணிறத்தைப் பூசினால் அடியில் உள்ள சாம்பல் மேலே தெரியும். அவர் முதலில் செம்மஞ்சளைக் கொடுத்து, கன்னம், காதுமடல், நாடி நுனி என்று இரத்தம் ஓடித் தெரிகிற இடங்களில் கொஞ்சம் சிவப்புச் சேர்த்து, அதன்மேல்தான் மாமியின் நிறத்தைக் கொண்டுவந்திருந்தார். இமைக்கு உள்ளே சிறிய பிளாஸ்டிக் மூடி வைத்ததால் கண் குழிவிழவில்லை. சின்ன மச்சாள் மாமியின் நாற்பது வயதுப் படம் ஒன்றைக் கொடுக்கப் பார்த்தா. அவரோ போன கோடையில் எடுத்த, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு இருக்கிற படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரி.

ஆனால் மண்டபத்துக்குள் போனதும் எனக்குத் திக்கென்றது. பெட்டியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்கும் விளக்குகளில் ரோசா நிற பல்புகள். வெள்ளைக்காரர்களின் வெளிறிய தோலுக்கு அது உயிர் கொடுக்கும். மாமியின் கன்னத்தைச் செங்கல் நிறமாக்கியிருந்தது. உச்சியில் எரிந்த விளக்கு நேரே கீழே அடித்து, கண்ணுக்குக் கீழ் கறுப்பு நிழல் வேறு. உடலை ஆயத்தம் செய்கிற அறையில் வெள்ளை வெளிச்சம், இங்கே ரோசா. மணமகளுக்கே மண்டபத்து லைட்டைக் கேட்டறிந்துதான் நான் கை வைப்பேன். சொன்னவுடன், முகத்தைச் சுளிக்காமல், உச்சி விளக்கை அணைத்து, 2700 கெல்வின், அதாவது லேசான மஞ்சள் சாயலுள்ள வெள்ளை பல்புகளை மாற்றிப் போட்டார்கள். அந்தப் பல்புகள் அலுமாரியிலேயே இருந்தன என்பதுதான் என் கோபம். தமிழ்ச்சனம் இவ்வளவு வருகிற இடத்தில் இதைக் கேட்டா வாங்கவேண்டும்?

மற்ற முறைப்பாடு மூக்குத்தி. ஆஸ்பத்திரியில் கழற்றித் தந்திருந்தார்கள். இங்கே அந்தத் துளையைக் காயம் என்று நினைத்து மெழுகால் அடைத்து, மேலே பூசியும் விட்டார்கள். “அம்மான்ரை மூக்குத்தி எங்கை?” என்று பெரிய மச்சாள் அழத் தொடங்கின பிறகுதான் எனக்கே தெரியும். அந்தப் பெண்மணி வந்து மெழுகை எடுத்து, மூக்குத்தியைப் போட்டு, தோலைச் சரிப்படுத்திக் கொடுத்தார். நகை, பொட்டு, மூக்குத்தி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் காணாது.

திருநீறும் அப்படித்தான். தண்ணீரில் குழைத்த திருநீறு கிறீம் மேல் பிடிக்காது, வழிந்து கோடு விழும். முன்கூட்டியே சொன்னால் நெற்றியில் பவுடர் போட்டு விடுவார்கள், உலர்ந்த திருநீறு அதில் நிற்கும். ஐயர் குழைத்துத்தான் பூசுவேன் என்றால் நெற்றியில் மட்டும் கிறீம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாகனத் தரிப்பிடம் சிறிது. சனிக்கிழமை என்றால் பக்கத்துப் பிளாசாவில்தான் விடவேண்டும், அங்கே தண்டப்பண டிக்கெட் எழுதுகிறார்கள்.