பாம்பன் கரையில் குரல் பதிவு: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை ஆகிய ஊர்களின் மீனவர்களும் கடற்பாசி எடுக்கும் பெண்களும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதைப் பதிந்து பாட்காஸ்டாக வெளியிட்டு வருகிறேன். இந்தக் காலத்தில் இரண்டு மைக்குகள், ஒரு காலர் மைக், ஒரு கையடக்க ரெக்கார்டர், பதிவைத் திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருள் ஆகியவற்றைக் கடற்கரையிலேயே வைத்துப் புழங்கியதில் கண்டவற்றை எழுதுகிறேன். மைக்குகளைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் பெரும்பாலும் கதவடைத்த நகரத்து அறைகளில் எழுதப்பட்டவை. உப்புக்காற்று அவற்றில் வீசுவதில்லை.

முதலில் வாங்கியது மலிவான கண்டென்சர் மைக். மெல்லிய ஒலியையும் விடாமல் பிடிப்பது அந்த வகையின் குணம் என்று கேள்விப்பட்டே வாங்கினேன். சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட என் வீட்டில் அந்தக் குணமே குற்றமாக முடிந்தது. பேசுபவரின் குரலோடு குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், மூன்றாம் வீட்டு ஆட்டின் கத்தலும், சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலியும் சேர்ந்து பதிந்தன. மழைக்காலம் வந்ததும் இன்னொரு தொல்லை தொடங்கியது. கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டில் மின்னேற்றம் நிலைத்து நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் அது கசியும். கசிந்தால் கடுகு பொரிவது போன்ற சத்தம் குரலின் ஊடே கேட்கும். பத்து மாதத்தில் வலைமூடியிலும் துரு ஏறியது. அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டு போராடவில்லை.

அடுத்து வாங்கிய சாம்சன் க்யூ2யு என்ற டைனமிக் மைக்தான் இன்றுவரை கையில் இருக்கிறது. காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு இயங்கும் இந்த வகைக்கு, ஈரத்தில் கசியும் மின்னேற்றம் தேவையில்லை. கணினியில் நேராகச் செருகும் யு.எஸ்.பி. முனையும், ரெக்கார்டரிலோ மிக்ஸரிலோ செருகும் எக்ஸ்.எல்.ஆர். முனையும் இதில் உண்டு. பேசும்போதே தன் குரலைக் கேட்க ஹெட்போன் துளையும் இருக்கிறது. இது முன்பக்கத்து ஒலியை அதிகமாகவும் பின்பக்கத்து ஒலியைக் குறைவாகவும் வாங்குவதால், கடலுக்கு மைக்கின் முதுகைக் காட்டி அமர்வது பாதி வேலையை முடித்துவிடுகிறது. மீதிப் பாதி தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். சுற்றுப்புறச் சத்தமோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே நான்கு விரற்கடைத் தூரத்தில், உதட்டுக்கு நேராக வைக்காமல் சற்றே ஓரமாக வைக்கிறேன். நேராக வைத்தால் ‘பாம்பன்’ என்று சொல்லும்போதே பகர ஒலியின் காற்று மைக்கில் அறைகிறது. இன்னும் நெருங்கினால் அடிக்குரல் பருத்து, பேசுபவர் பானைக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும்.

இங்கே எவருக்கும் மைக் கூச்சம் கிடையாது. கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் பாம்பனிலிருந்து 90.4இல் ஒலிக்கிறது, தங்கள் குரலைத் தாங்களே கேட்டுப் பழகியவர்கள் இங்கே ஏராளம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விசைப்படகின் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டைகள், தாழ்ந்த குரலில் தொடங்கி, கதை சூடேறியதும் படகுக்குப் படகு கூப்பிடும் அளவுக்கு எழும்பிவிடும். உச்ச அளவு எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்டால் எந்த மென்பொருளும் அதை முழுமையாக மீட்டுத் தராது. அந்த எல்லை 0 டெசிபல். எனவே பேச்சின் உச்சம் −12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு, மைக் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்து வைத்து, சிரிப்புக்கும் கோபத்துக்கும் மேலே இடம் விடுகிறேன்.

காலர் மைக்கைப் பெண்களுக்காகவே வாங்கினேன். ஆனால் சேலையின் உரசல் ஒவ்வொரு அசைவிலும் பதிந்தது. பாசி எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் அவர்கள் அணியும் ஆண்கள் சட்டையின் பொத்தான் பட்டியில் மாட்டிய பிறகே அது உருப்படியானது. இந்த யோசனையைச் சொன்னவர் பேச வந்த அக்கா ஒருவர், எனக்குத் தோன்றவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை மூன்றைச் சோதித்தேன். ஓலைக் கொட்டகையில் எதிரொலி அறவே இல்லை, ஆனால் சிறு காற்றுக்கும் ஓலை சலசலக்கும். வீட்டு அறையில் மெத்தையையும் கம்பளியையும் நிறுத்தி வைத்தால் ஓரளவு தேறும். எல்லாவற்றிலும் சிறந்தது நண்பரின் வலை வைக்கும் அறை. மூன்று பக்கமும் இடுப்பளவு குவிந்து கிடக்கும் நைலான் வலைகள் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கும் ஒலி உறிஞ்சும் பஞ்சு செய்யும் வேலையை அவை கருவாட்டு வாசனையோடு செய்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவின் அடியில் கம்பளம் போலப் படிந்துவிடும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

திறந்த வெளியில் பதிவதென்றால் காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுக்கிறேன். மேல்காற்றான கச்சானும் தென்காற்றான சோழகமும் தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைக் கலக்கும் மாதங்களில் பாக் நீரிணை இருக்கும் வடகடல் பக்கமும், வடகாற்றான வாடை தொடங்கியதும் தென்கடல் பக்கமும் போகிறேன். படகுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். மைக்கோடு வந்த ஸ்பாஞ்ச் உறை மூச்சுக்காற்றுக்குப் போதும், கடற்காற்றுக்குப் போதாது. அதன் மேல் பழைய கரடிப் பொம்மையின் ரோமத்துணியைத் தைத்து மாட்டியிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓயும் என்பதால் அப்போது நிம்மதியாகப் பதியலாம் என்று முதல் ஆண்டு கணக்குப் போட்டேன். தடைக்காலத்தில்தான் படகுகளை மராமத்துப் பார்ப்பார்கள் என்பதை மறந்திருந்தேன். சுத்தியலும் கிரைண்டரும் அந்தக் கணக்கை முடித்து வைத்தன. நான் பதியத் தொடங்கியபோது பாம்பன் பாலத்தில் ரயிலும் இல்லை. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு ரயில் நேர அட்டவணையும் என் குறிப்பேட்டில் சேர்ந்தது.

எடிட்டிங்கில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன், சத்தம் மட்டும் உள்ள ஒரு துண்டைக் கேட்டுப் பழகிக்கொண்டு, அதே சத்தத்தைப் பதிவு முழுவதிலும் குறைக்கிறது. விசிறி போல ஒரே சீராக ஓடும் ஓசைக்கு இது பொருந்தும். அலையோ ஏறி இறங்குவது. ஒரு துண்டில் பிடித்த அடையாளம் அடுத்த அலைக்குப் பொருந்தாது. அதை உணராமல் தொடக்கத்தில் 20 டெசிபல் வரை குறைத்தேன். பிறகு, ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவுபோல மூடி அதை அடைத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’ வசதியையும் போட்டு, பேச்சுக்கு இடையே முழு அமைதியை உண்டாக்கிப் பெருமைப்பட்டேன். சங்கு குளிக்கும் தொழிலில் இருந்த கீழக்கரைப் பெரியவர் ஒருவர் தம் பதிவைக் கேட்டுவிட்டு, “தண்ணிக்குள்ள முங்குனா காதுல இப்படித்தான் தம்பி கேக்கும்” என்றார். பாராட்டு என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

திரும்ப உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டபோதுதான் என்ன போயிற்று என்று தெரிந்தது. அவர் பேச்சில் அடிக்கடி வரும் சொற்களைப் பாருங்கள்: காற்று, படகு, சங்கு, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. எல்லாம் குற்றியலுகரத்தில் முடிகின்றன. குறுகி ஒலிக்கும் அந்த உகரம், சுற்றுப்புறச் சத்தத்தின் அளவுக்கே இறங்கி மறைவது. மென்பொருள் அதையும் சத்தம் என்றே எடுத்துக்கொண்டு நறுக்கிவிடுகிறது. ‘வடக்கு’ என்ற சொல் ‘வடக்’ என்று முட்டி நிற்கிறது. இரட்டிக்கும் வல்லினத்தின் நடுவே உள்ள இமைப்பொழுது அடைப்பில் கேட் மூடிக்கொண்டு, தாமதமாகத் திறந்து, அடுத்த எழுத்தின் வெடிப்பையும் மழுங்கடிக்கிறது. அன்றிலிருந்து கேட்டைத் தொடுவதில்லை; நாய்ஸ் ரிடக்‌ஷனை 6 டெசிபலுக்கு மேல் ஏற்றுவதுமில்லை.

இப்போதைய வேலைமுறை எளியது. பதிவு தொடங்கும் முன் அந்த இடத்தின் வெறும் ஓசையை அரை நிமிடம் பதிந்துகொள்கிறேன். இருமலையோ தும்மலையோ நீக்கும் இடத்தில் இந்த ஓசையை ஒட்டுகிறேன். வெற்று அமைதியை விட்டால் கேட்பவர் இணைப்பு அறுந்ததாக எண்ணி போனைத் தட்டிப் பார்க்கிறார். பின்பு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை ஹை பாஸ் ஃபில்டரால் குறைத்து, உரத்த குரலுக்கும் தாழ்ந்த குரலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸரை மென்மையாகப் போட்டு, கடைசியில் ஒலியளவைச் சீராக்குகிறேன். காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில், ஸ்டீரியோவுக்கு −16, ஒற்றைத் தடமான மோனோவுக்கு −19 என்பது பாட்காஸ்டில் பரவலாகக் கையாளப்படும் அளவு. நான் மோனோவிலேயே வெளியிடுகிறேன்.

பராமரிப்பில் ஒரே பிடிவாதம், பதிவு முடிந்ததும் மைக்கை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் மூடுவது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வெயிலில் வைக்காமல் அடுப்பின் மிதமான சூட்டில் வறுத்தெடுக்கிறேன். இங்கே வெயிலிலும் ஈரம் உண்டு. வலைமூடிக்கு அடியில் இருந்த பஞ்சை இரண்டு முறை மாற்றியாயிற்று, முனைகளில் பச்சை பூக்கவில்லை. தீராமல் நிற்பது வலை அறையின் தகரக் கூரை ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை அதன் மேல் இறங்கிவிட்டால் மைக்கை டப்பாவில் வைத்துவிட்டு, தேநீர் குடித்தபடி பெரியவரின் கதையைப் பதியாமலே கேட்டுவிட்டு வருகிறேன்.