டிராக்டருக்குப் பின்பாரம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

சிறிய டிராக்டரின் முன்னால் லோடர் பூட்டி எரு அள்ளும்போது, வாளியின் எடையால் பின்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் மிதக்கும். பிரேக்கோ அந்தப் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கம் மலையடிவாரச் சரிவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்காகவே, பின்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பாரமாக, 200 லிட்டர் இரும்பு டிரம்மில் கான்கிரீட் நிரப்பி, டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டும் கைகளான லிங்க்கில் மாட்டும்படி செய்து தருமாறு வேலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பணம் கட்டினேன். கான்கிரீட் லிட்டருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ என்பதால், டிரம் நிறைந்தால் 480 கிலோ வரவேண்டும். அவர்கள் கொடுத்த டிரம்மை மாட்டி ஈர எருவை அள்ளியதுமே வண்டியின் பின்புறம் தூக்கியது. எடை மேடையில் பாரத்தோடும் பாரமில்லாமலும் வண்டியை நிறுத்திப் பார்த்ததில் வித்தியாசம் 310 கிலோதான். மேற்பூச்சை உளியால் கொத்தினால், நான்கு விரல் கனத்துக்குக் கீழே செங்கல் துண்டும் இடித்த சுவரின் காரையும் மண்ணும் கிடந்தன. பில்லில் நான்கு மூட்டை சிமென்ட் என்று எழுதியிருந்தார்கள். சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் அந்த டிரம்முக்கு ஒன்றரை மூட்டைகூடப் பிடிக்காது.

எடைக் குறைவையாவது பொறுத்துக்கொள்ளலாம். கீழ் லிங்க்குகளில் மாட்டும் ஷாப்ட் என்ற இரும்புத் தண்டு, டிரம்மின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் ஒரே துண்டாக, கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். இவர்கள் கட்டடக் கம்பியில் இரண்டு குட்டைத் துண்டுகளை வெட்டி, டிரம்மின் மெல்லிய தகட்டின் மேலேயே பற்றவைத்திருந்தார்கள். லிங்க்குக்குள் நுழையும் அந்த முனை 22 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும், இருந்ததோ 20 மில்லிமீட்டர்தான். லிங்க்கின் நுனியில் இருக்கும் துளையுள்ள குண்டுக்குள் அது லொடலொடவென்று ஆடி, இடப்பக்கத்துப் பற்றவைப்பில் விரிசலும் விட்டிருந்தது. வரப்பு ஏறும்போது அது பிய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "எடைதானே சார், மேல ரெண்டு கல்லு வச்சிக்கோங்க" என்றார்.

செய்யக் கொடுப்பவர்கள், ஷாப்ட்டைப் பொருத்தியதும் கான்கிரீட் கொட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். எடை மேடைச் சீட்டு கைக்கு வந்தபிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். பில்லும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நானும் பில்லையும் எடைச் சீட்டையும் இணைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.