ஆஷர் ஷாப்பிரோவின் பாய்ம இயக்கவியல் பாடப் படங்கள்: ஓர் ஆசிரியரின் மதிப்புரை

சுழிமை, அதாவது நீர், காற்று போன்ற பாய்மத்தின் ஒவ்வொரு சிறு துளியும் தன்னைத்தானே சுற்றும் அளவு, என்பதை நான் நெடுங்காலம் கரும்பலகையில் ஒரு சமன்பாடாக மட்டுமே கற்பித்து வந்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) இயந்திரப் பொறியியல் பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ அதே பாடத்தைத் தண்ணீரில் நடத்திக் காட்டுவதைப் பார்த்த பிறகு, என் வகுப்பே மாறிவிட்டது.

1960களில், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் அவர் தலைமையில் இயங்கிய குழு எடுத்த 39 படங்கள் இவை. இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. படிப்பதற்கான குறிப்புகளும் உடன் உள்ளன.

சுழிமை பற்றிய படத்தை ஷாப்பிரோவே நடத்துகிறார். குறுக்காகப் பொருத்திய இரண்டு தகடுகளும் மேலே ஓர் அம்புக்குறியும் கொண்ட சிறு மிதவைதான் அவருடைய கருவி. நேரான கால்வாயின் சுவரோரம் அதை விட்டால், நீர் நேராகவே ஓடினாலும் மிதவை தன்னைத்தானே சுற்றுகிறது. வடிகாலைச் சுற்றிவரும் நீரில் விட்டாலோ, வட்டமடித்தபோதும் அம்பு காட்டும் திசை மாறுவதில்லை. வளைந்து ஓடுவதும் சுழல்வதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கிய பாடத்தை நான் கண்டதில்லை.

1962இல் அவர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட தொட்டிச் சோதனையும் மறக்க முடியாதது. 6 அடி விட்டமும் 6 அங்குல ஆழமும் கொண்ட நீரை, வேண்டுமென்றே வலஞ்சுழியாக நிரப்பி, மூடிவைத்து, 24 மணி நேரம் அசையாமல் விட்டுவிட்டு வடிகாலைத் திறந்தார். முழுதும் வடிய ஏறத்தாழ 20 நிமிடங்கள். முதல் 12 நிமிடங்களுக்கு மேலாக எந்தச் சுழற்சியும் தென்படவில்லை. பிறகு நீர் மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பியது. பூமியின் சுழற்சி அத்தனை நுண்ணியதாகவே நீரில் வெளிப்படுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொறுமையிழந்து திறந்தவருக்கு, நிரப்பியபோது எஞ்சிய வலஞ்சுழியே விடையாகக் கிடைத்திருக்கும். அன்றாடக் குளியல் தொட்டியைக் காட்டிக் கொரியாலிஸ் விசையை (பூமியின் சுழற்சியால் நகரும் பொருளின் பாதை விலகுவதாகத் தோன்றச் செய்யும் விசை) விளக்கும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும்.

பின்னாளில் சிறுநீர்க்குழாய் அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளும் அலைவியக்கத்தையும், அழுத்தத்தில் அமுங்கும் குழாய்களில் ஓடும் பாய்மத்தையும் அவர் ஆராய்ந்தார். கண்ணால் கண்டதிலிருந்து கணக்குக்குச் செல்லும் அதே பழக்கம் அங்கும் தெரிகிறது.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் கருப்பு வெள்ளைப் படங்கள்; ஒலி பழையது; நடையும் நிதானமானது. கணினிவழிக் கணிப்பு முறைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தமிழில் மட்டுமே பயின்று வரும் மாணவருக்கு ஆசிரியர் அருகிலிருந்து விளக்கத்தான் வேண்டும்.

வகுப்பில் காட்டுவோர் சுழிமைப் படத்திலிருந்தே தொடங்கலாம். மிதவை நீரில் இறங்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று மாணவர்களை எழுதித் தரச் சொல்லிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.