14,600 ரூபாய்க்கு எம்சீல் பூசிய பேரல்

பழைய யெஸ்டி, ஜாவா பைக் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள். ஆறு நாளாகியும் கோபம் இறங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பாவோட 1982 மாடல் யெஸ்டி ரோட்கிங். பேரலை, அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரை, இனிமேல் போர் பண்ண (உள்பக்கம் கடைந்து சரிசெய்ய) இடமில்லை என்று வேலூர் மெக்கானிக் பாய் கைவிரித்துவிட்டார். மைசூர் ஃபாக்டரி 1996-லேயே மூடியாச்சு, ஒரிஜினல் பேரல் என்பது குதிரைக் கொம்பு. அந்த நேரம் பார்த்து, பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் கண்ணில் பட்டது: 'ஃபாக்டரி ஸ்டாக், பிரிக்காதது, பேரல் பிஸ்டன் ரிங் செட், 14,600'.

விற்கிறவன் வீடியோ காலில் வந்தான். எண்ணெய்க் காகிதத்தை மெதுவாகப் பிரித்து, பிஸ்டன் தலையில் 65.00 என்று மில்லிமீட்டர் அளவு குத்தியிருந்ததை கேமராவுக்குப் பக்கத்தில் காட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தும் காட்டினான். அப்புறம்தான் அந்த வார்த்தை: 'எங்கப்பாவும் ஜாவாதான்ணா ஓட்டுனாரு, வித்துட்டோம், இன்னும் மனசு ஆறல. நீங்களாவது அப்பா வண்டிய ஓட விடுங்கண்ணா.' அவ்வளவுதான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பில் கேட்கவே கூச்சமாகப் போய்விட்டது, சாமி. 14,600 ரூபாயை அந்த நிமிஷமே யுபிஐயில் முழுசாக அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்தது, பாய் மாட்டினார். 'பளபளப்பு கொஞ்சம் அதிகமா இருக்கே தம்பி, பில்லு வாங்கினியா?' என்றார். நான் சிரித்து மழுப்பினேன். ராணிப்பேட்டை, ஆற்காடு என்று சமதளத்தில் 300 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை எங்கள் பழைய வண்டி கிளப் ரேலி. விடியற்காலையில் கோட்டை முன்னாடி புல்லட், ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று இருபத்திரண்டு வண்டி, 2டி ஆயில் புகையில் அகழியே தெரியவில்லை. கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூரில் தங்கல், மறுநாள் ஆலங்காயம், வாணியம்பாடி இறங்கி ஆம்பூரில் பிரியாணி. இதுதான் திட்டம்.

போளூர் தாண்டி மலை ஏறின கொஞ்ச நேரத்தில், ஒரு வளைவில் சத்தம் மாறியது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன், பின் சக்கரம் பூட்டியிருந்தால் பள்ளம்தான். ஆறவிட்டு கிக்கரை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது. பேரலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், சூட்டில் கறுப்புப் பெயிண்ட் தோலாக உரிந்து, பேரலைச் சுற்றி சூடு ஆற இருக்கிற தகடுகளில் (ஃபின்) ஒன்று உடைந்த இடத்தில் எம்சீல் வைத்து ஒட்டித் தேய்த்திருக்கிறான். எம்சீல்! தண்ணிக் குழாய்க்கு வைக்கிற எம்சீல்!

வண்டி குட்டியானையில் வேலூர் வந்தது, மற்றவர்கள் ஆம்பூரில் பிரியாணியைக் கத்தரிக்காயோடு சாப்பிட்ட போட்டோ மட்டும் எனக்கு வந்தது. பாய் திறந்து பார்த்தால், பிஸ்டன் தலையில் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு 65.00-ஐப் புதிதாகக் குத்தியிருக்கிறான். பழைய பிஸ்டன், பாலிஷ் போட்டது.

போன் போட்டேன். பணம் போகிறவரை அண்ணா, இப்போது சார். 'ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க சார்.' லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில் அளந்து ஊற்றுகிறவன் நான். 'அப்போ மெக்கானிக் சரியா மாட்டல சார்.' எம்சீல் போட்டோ அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. மறுநாள் 'ஊர்ல இல்ல சார்', அதற்கு மறுநாள் பிளாக். ஆப்காரர்களோ 'வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பது மட்டுமே எங்கள் வேலை' என்று அதே வரியை மூன்று தடவை அனுப்பினார்கள். கல்யாண புரோக்கர்கூட இதைவிடப் பொறுப்பாகப் பேசுவார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், கையில் பில் இல்லாமல் 14,600 எப்படித் திரும்பும் என்றுதான் தெரியவில்லை.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெயிண்ட் அடித்த பேரல் என்றால் தின்னர் துணியால் துடைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். வீடியோவில் வெர்னியர் காட்டினால் மயங்காதீர்கள். அப்பா கதை சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இதை எழுதும்போது தம்பியின் போனில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே எண்ணெய்க் காகிதம், அதே மேசை, 'ஃபாக்டரி ஸ்டாக், பிரிக்காதது'. விலை மட்டும் 15,500 ஆகியிருக்கிறது.